அண்ணன் மகன் வீட்டை விட்டு என்னிடம் வந்துவிட்டான், யாரிடம் போவது?

பல்லடம் அத்தை:
அண்ணன் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். போன சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்குப் பள்ளிக்கூடப் பையோடு என் வாசலில் வந்து நின்றான். அண்ணன் திருப்பூரில் பவர் டேபிள் டெய்லர். வாரச் சம்பளம் வாங்கும் சனிக்கிழமை என்றாலே குடியும் சண்டையும்தான். இதுவரை அண்ணியைத்தான் அடிப்பார். இந்தத் தடவை பையன் நடுவில் போய்க் கையைப் பிடித்திருக்கிறான். பெல்ட் பட்ட தடிப்பு முதுகில் இன்னும் இருக்கிறது.

கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கை அப்படியே நின்றுவிடுகிறது. தலையணை கொடுத்தாலும் ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பையின் மேல்தான் தலை வைத்துப் படுக்கிறான். அண்ணனோ, "என் பையனைக் கடத்தி வைத்திருக்கிறாய், போலீசுக்குப் போகிறேன்" என்கிறார். அப்பா போன பிறகு எனக்குக் கல்யாணம் செய்து வைத்தவர் அவர். அவரை ஜெயிலுக்கு அனுப்பவும் மனசு வரவில்லை, பையனைத் திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை.

முன்னாள் களப்பணியாளர்:
அக்கா, இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், பையனே பேசலாம். தடிப்பு மறைவதற்குள் அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். அப்புறம், அவன் உங்களிடம் இருப்பதை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். நீங்களாகப் போய்ச் சொல்லிவிட்டால் 'கடத்தல்' என்ற பேச்சு எடுபடாது. அது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்காது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள், அவர்களில் ஒருவராவது பெண். பையனிடமும் கேட்பார்கள். வீட்டு நிலைமையை விசாரித்து அறிக்கை வாங்கிய பிறகு, உறவினர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று உத்தரவு போடவும் முடியும்.

நான் பார்த்தவரை எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில். பையனை மட்டும் வெளியே எடுத்துவிட்டு அம்மாவை அங்கேயே விட்டுவிடுவார்கள். அந்தப் பிள்ளை தானாகவே திரும்பிப் போய்விடும், அம்மாவைக் காப்பாற்ற. அண்ணிக்குப் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அடிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்க அவர் உதவுவார். எடுத்தவுடனே ஜெயில் என்று பயப்பட வேண்டாம், உத்தரவை மீறினால்தான் அந்தச் சட்டத்தில் தண்டனை.

கணக்கு டீச்சர்:
வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், லீவு கணக்கில் பெயர் கெட வேண்டாம். தூக்கம் வரவில்லை என்றால் 14416-இல் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம். என் மாணவி ஒருத்தி மொட்டை மாடியில் நின்று அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து, முகம் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

பல்லடம் அத்தை:
மருத்துவமனைச் சீட்டு வாங்கிவிட்டேன். 1098-இல் அவனே பேசினான். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதுகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எங்க அம்மாவும் வரலாமா?" என்றுதான் முதலில் கேட்டான். நாளைக்குக் குழுவிடம் போகிறோம். அண்ணி பஸ் ஏறிவிட்டதாக இப்போதுதான் போன் வந்தது.