முற்றத்துக் கல் இடுக்குகள்: உலர் கலவையா, ஈரக் கலவையா?

புதியவன்:
முற்றத்தில் பதித்த கற்களுக்கு நடுவே பூச்சு உதிர்ந்துவிட்டது. இடுக்கு ஒரு விரல் அகலம். புல் முளைக்கிறது, எறும்பு மண்ணைத் தள்ளிக் குவிக்கிறது. இதுவரை நான் கரண்டி பிடித்ததில்லை. மணலையும் சிமெண்டையும் உலர்வாகக் கலந்து, துடைப்பத்தால் கூட்டித் தள்ளி, மேலே தண்ணீர் தெளித்தால் போதும் என்கிறார்கள். சரிதானா?

மழைநேசன்:
சரிதான், செய்யுங்கள். 1 பங்கு சிமெண்டுக்கு 4 பங்கு மணல் கலந்து நானே போட்டேன், ஒரே மாலையில் முடிந்தது. கல் மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பழகாத கைக்கு இதைவிட எளிய வழி இல்லை.

உளிச்சத்தம்:
எளிதுதான், ஆனால் நிற்காது. தெளிக்கும் தண்ணீர் மேலாக மட்டும் இறங்கும், அடியில் தூள் தூளாகவே கிடக்கும். என் முற்றத்தில் ஒரே மழைக்காலத்தில் மேல்ஓடு பெயர்ந்து வந்தது. விரலை விட்டால் உள்ளே வெறும் மணல். தண்ணீரைக் கூட்டினாலோ சிமெண்ட் பால் கல்லில் படிந்து வெள்ளைக் கறையாகிவிடும். ஈரக் கலவைதான் போட வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், தண்ணீர் கசியக் கூடாது. அதை இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து, குறுகிய கரண்டியால் அழுத்துங்கள்.

மழைநேசன்:
அத்தனை இடுக்கையும் முட்டி போட்டு அடைக்க எத்தனை நாள் ஆகும்? முதல்முறை செய்பவர் பாதியில் விட்டுவிடுவார்.

உளிச்சத்தம்:
ஒரு நாளைக்கு 2 வரிசை போதுமே. அப்புறம், பழைய பூச்சை மேலாகச் சுரண்டிவிட்டு நிறுத்தாதீர்கள். 3 செ.மீ. ஆழமாவது தோண்டி, வேரையும் தூசியையும் எடுங்கள். மெல்லிய பூச்சு எதிலும் ஒட்டாது.

அடித்தளம்:
இருவருமே கல்லைப் பார்க்கவில்லை. புதியவன், ஒவ்வொரு கல்லின் மூலையிலும் ஏறி நின்று பாருங்கள். ஆடுகிறதா? சுத்தியல் பிடியால் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கிறதா? ஆடும் கல்லைச் சுற்றி எந்தக் கலவை போட்டாலும் வெடிக்கும். அதைப் பெயர்த்து, அடியைச் சமன் செய்து, மறுபடி பதித்த பிறகே இடுக்கு வேலை. முழுத் தளமும் வெறும் மணல் படுகையில் கிடந்தால் சிமெண்டே வேண்டாம். இடுக்கு மணல்தான் அசைவுக்கு வளைந்து கொடுக்கும்.

மழைநேசன்:
ஆடும் கல் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 5 மி.மீ.க்கும் குறுகிய இடுக்கில் கரண்டி நுழையாதே! அங்கே துடைப்பம்தான்.

உளிச்சத்தம்:
அங்கே சரி, ஆனால் சிமெண்ட் சேர்க்காத சன்ன மணலைக் கூட்டித் தள்ளுங்கள். இவருடைய இடுக்கு விரல் அகலம் அல்லவா?

புதியவன்:
இப்போதுதான் ஏறிப் பார்த்தேன். 3 கற்கள் ஆடுகின்றன, மூன்றும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம். ஒன்றை நெம்பித் தூக்கினேன். கீழே சிமெண்ட் படுகைதான், ஒரு மூலையில் மட்டும் கரைந்து குழியாக இருக்கிறது. முதலில் அந்த மூன்றையும் பதிக்கிறேன். பிறகு ஈரக் கலவை.

அடித்தளம்:
குழாய் ஒழுகுகிறதா என்பதையும் பாருங்கள். கலவையை வெறுங்கையால் தொடாதீர்கள், சிமெண்ட் தோலை அரிக்கும். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மழை வராத நாளாகப் பார்த்து, முடித்ததும் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள்.