மறு: பாலிசெமிக்கும் ஹோமோனிமிக்கும் ஒரே சொல் போதுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஒரே சொல் உறவுள்ள பல பொருள்களைத் தருவது பாலிசெமி, உறவில்லாத வெவ்வேறு சொற்கள் ஒரே உருவில் அமைவது ஹோமோனிமி. இரண்டுக்கும் தமிழில் ஒரே கலைச்சொல் போதுமா என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'பல்பொருள் ஒருமொழி' நிகண்டுக் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, அந்தச் சொல் மீது எனக்கும் மிகுந்த மதிப்பு உண்டு. திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதிக்கே 'ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதி' என்றுதான் பெயர். ஆனால் ஹவாய் மொழி பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் இரண்டாவது பத்தியைத் தாண்ட முடியவில்லை. தடுக்கிய இடத்தைக் காட்டுகிறேன்.

ஹவாய் மொழியில் 'எஅ' என்று ஒரு சொல். நாம் சேர்த்துச் சொன்னால் நடுவில் யகர உடம்படுமெய் ஓடிவந்துவிடும், அதனால்தான் பிரித்தே எழுதுகிறேன். காற்று, மூச்சு, ஆவி, உயிர், மேலெழுதல், அப்புறம் இறையாண்மை. இத்தனைக்கும் அந்த ஒரு சொல்தான்.

1843 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கடற்படையின் ஜார்ஜ் பாலெட் பிரபு ஹவாய் அரசைக் கைப்பற்றினார். ஐந்து மாதம் கழித்து, ஜூலை 31 அன்று, அட்மிரல் ரிச்சர்ட் தாமஸ் ஹொனலூலுவில் ஆட்சியை மன்னர் மூன்றாம் கமேஹமேஹாவிடம் திருப்பிக் கொடுத்தார். அன்று மன்னர் சொன்னதாக வழங்கும் வாக்கியம்: 'உஅ மவ் கெ எஅ ஒ க ஆஇன இ க பொனொ.' 1959இல் ஹவாய் அமெரிக்க மாநிலமானபோது அதுவே மாநிலத்தின் குறிக்கோள் வாசகமும் ஆயிற்று. வழக்கமான ஆங்கில மொழிபெயர்ப்பில் அது 'நிலத்தின் உயிர் அறத்தால் நிலைக்கிறது' என்று வருகிறது. ஹவாய் மண்ணின் மக்களில் பலர் அதை 'நாட்டின் இறையாண்மை' என்று படிக்கிறார்கள். ஜூலை 31ஐ இன்றும் அவர்கள் கொண்டாடுகிறார்கள். அந்த நாளுக்குப் பெயர் 'லா ஹொஇஹொஇ எஅ', அதாவது 'எஅ' மீட்கப்பட்ட நாள். அன்று மீண்டு வந்தது ஆட்சி.

இரண்டில் எது சரி என்று கேட்டால், அந்த வாக்கியத்தைச் சொன்னவருக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்று நினைக்கிறேன். மூச்சு இருந்தால் உயிர், உயிரோடு எழுந்து நின்றால் தன்னாட்சி. அவர் ஒரு சொல்லைத்தான் சொன்னார். நம் 'ஆவி'யை நினைத்துப் பாருங்கள். இட்லிச் சட்டியில் எழுவதும் ஆவி, உடலைவிட்டுப் பிரிவதும் ஆவி. 'எஅ'வில் பாதித் தூரம் நம் சொல்லும் கூடவே வருகிறது, ஆட்சி என்னும் திருப்பத்தில்தான் பிரிகிறது.

இப்போது 'ஹா' என்னும் இன்னொரு சொல்லைப் பாருங்கள். அதற்கு மூச்சு என்றும் பொருள், நான்கு என்றும் பொருள். இங்கே எவ்வளவு யோசித்தாலும் உறவு தட்டுப்படாது, ஏனென்றால் உறவே இல்லை. ஹவாய் மொழிக்கு மெய்யொலி எட்டுதான், தொண்டையை ஒரு கணம் அடைத்துவிடும் 'ஒகினா'வையும் சேர்த்து. ஹவாய் மொழிக்கு மூலமான பழைய பொலினீசிய மொழியில் வேறு வேறாக இருந்த ஒலிகள் பல இங்கே ஒன்றில் ஒன்று கலந்துவிட்டன. நியூசிலாந்தில் வழங்கும் உறவு மொழியான மாஒரியில் நான்கு 'ஃபா', மூச்சு 'ஹா', இன்றும் தனித்தனிதான். ஹவாயில் ஃபகரம் ஹகரமானது, இரண்டு சொற்களும் ஒரே உருவில் வந்து நின்றன.

'எஅ'வையும் 'ஹா'வையும் ஒரே பெயரால் அழைத்தால், ஒரு குடும்பத்தையும் ஒரே பேருந்தில் ஏறிய இரண்டு பயணிகளையும் ஒன்றாக எண்ணுவது போல ஆகும். பாலிசெமி, ஹோமோனிமி என்ற பிரிவு மொழியியலில் இதற்காகத்தான் இருக்கிறது.

> தொல்காப்பியரே இரண்டாகப் பிரித்திருக்கிறாரே?

பிரித்திருக்கிறார், ஆனால் வேறு அளவுகோலால். 'வினைவேறு படூஉம் பலபொருள் ஒருசொல், வினைவேறு படாஅப் பலபொருள் ஒருசொல்' என்கிறார். மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. வினையே பொருளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. மா விழுந்தது என்றால் எது விழுந்தது என்று தெரியாது. கேட்பவர் பொருளை எப்படித் தேர்ந்துகொள்கிறார் என்பது அவர் கேள்வி, அருமையான கேள்வி. பொருள்களுக்குள் உறவு உண்டா என்பது அங்கே பேசப்படவில்லை. அவருடைய பெயர்களை எடுத்து இதற்குச் சூட்டினால் இரண்டுமே குழம்பும்.

என் பரிந்துரை இது. பாலிசெமிக்குக் 'கிளைப்பொருண்மை', ஹோமோனிமிக்கு 'ஒப்புருமை'. முன்னது ஒரு சொல் பல பொருளாகக் கிளைப்பது, பின்னது பல சொற்கள் ஓர் உருவில் ஒத்து நிற்பது. 'எஅ' கிளைப்பொருட்சொல். இரண்டு 'ஹா'வும் ஒப்புருச்சொற்கள். 'பல்பொருள் ஒருமொழி' இரண்டுக்கும் பொதுவான பெயராக அப்படியே இருக்கட்டும். 'கிளை'க்கு உறவினர் என்றும் பொருள் உண்டு, கிளைஞர் என்கிறோம் அல்லவா? மரத்தின் கிளை சுற்றத்துக்கும் பெயரானதே கிளைப்பொருண்மைதான்.

> ஹோமோனிமிக்கு 'ஒப்பொலி' போதாதா?

அதை ஒலி மட்டும் ஒத்தவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். எழுத்து மட்டும் ஒப்பதும் உண்டு. தொடக்கத்தில் ஒகினா வரும் 'எஅ' ஒருவகைக் கடலாமையின் பெயர். 19ஆம் நூற்றாண்டின் ஹவாய்ச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் ஒகினாவை அச்சிடவில்லை, ஆகவே தாளில் ஆமையும் இறையாண்மையும் ஒன்றுபோலவே தெரியும். அதை 'ஒப்பெழுத்து' எனலாம்.

> பாலிசெமியை 'உள்ளுறை' என்றே சொல்லலாமே?

அது வேண்டாம். ஹவாய்ப் பாடல்களில் மறைபொருள் வைத்துப் பாடும் கலைக்குக் 'கஒன' என்று பெயர். மழையைப் பாடுவது போலக் காதலரைப் பாடுவார்கள். 'உள்ளுறை' அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். அது பாடுபவர் செய்வது, கிளைப்பொருண்மை சொல்லிலேயே இருப்பது.

ஹவாய்க்காரர்களும் நம்மைப் போலவே கலைச்சொல் ஆக்குகிறார்கள். வளிமத்துக்கு அவர்கள் வைத்த சொல் 'கினோஎஅ'. 'கினோ' என்றால் உடல், வடிவம். அதே முறையில் நீர்மம் 'கினோவை'. 1896இல் பள்ளியிலிருந்து விரட்டப்பட்டு 1978இல்தான் மாநில ஆட்சிமொழியாகத் திரும்பி வந்த மொழி அது. பழைய 'எஅ'விலேயே இன்னொரு கிளை விடுகிறார்கள் என்று படித்தபோது மனம் நிறைந்துவிட்டது.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு முடிவு வரவில்லை. 'வை' என்றால் நன்னீர். யார் என்று கேட்பதற்கும் 'வை'தான். இன்னோர் உறவு மொழியான தொங்காவில் நீர் 'வை', யார் 'ஹை', ஆக வரலாற்றுப்படி இவை ஒப்புருச்சொற்கள். ஆனால் 'நீ யார்' என்று கேட்பதே 'உன் நீர் எது' என்று கேட்பதுதான் என இன்று ஹவாயில் பலர் பொருள் சொல்கிறார்கள். ஒருவர் எந்த நீரைக் குடித்து வளர்ந்தார் என்பதில் அவருடைய ஊரும் குலமும் வந்துவிடுகின்றன. பிறப்பால் உறவில்லாத இரண்டு சொற்களைப் பேசுகிறவர்கள் உறவாக்கிக்கொண்டார்கள். இதை ஒப்புருமையில் அடைத்துவிட எனக்கு மனம் வரவில்லை, கிளைப்பொருண்மை என்றால் வரலாறு இடிக்கிறது. 'ஒட்டுக்கிளை' என்று யோசித்து வைத்திருக்கிறேன், ஒட்டுமாங்கன்று போல. பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்