குழந்தைக் காப்பகச் செயலி: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பதிவு 1
எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் என்ற திரைவாசிப்பானின் துணையோடுதான் காப்பகத்தின் செயலியைப் பயன்படுத்துகிறேன். அன்று மதியம் வழக்கம்போல் மகளின் நாள்குறிப்பைத் திறந்து விரலை நகர்த்தியபோது, "பெயரிடப்படாதது, பொத்தான்" என்றே அடுத்தடுத்து ஏழு முறை கேட்டது. மாலையில் அவளைத் தூக்கியதும் என் கன்னத்தில் பட்ட அவளுடைய கழுத்து சுட்டது. "மதியமே செயலியில் போட்டிருந்தோமே" என்றார் பணியாளர். அந்த ஏழு பொத்தான்களுள் ஒன்று, காய்ச்சலைக் குறிக்கும் சிவப்பு வெப்பமானிப் படம். என் விரல் அதன்மேல் நின்றுவிட்டுத்தான் நகர்ந்திருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பாவது வந்திருக்கக் கூடாதா?

பதிவு 2
எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல் தெரியும். மகன் சாப்பிட்டானா இல்லையா என்பதை வண்ணப் புள்ளியால் மட்டும் காட்டுகிறார்கள். பக்கத்தில் ஒரு சொல் எழுதினால் போதுமே.

பதிவு 3
என் கைகள் நடுங்கும். குழந்தையை அழைத்துச் செல்வதை உறுதிசெய்ய ஒரு பட்டையை இடமிருந்து வலமாக இழுக்க வேண்டும். பாதியில் விரல் பிசகினால் அது பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஐந்தாவது முறையும் பிசகியபோது, பின்னால் காத்திருந்த பெற்றோர் முன்னிலையில் என் நான்கு வயது மகன், "அம்மா, நான் இழுக்கட்டுமா?" என்று மெல்லக் கேட்டான். அவனே இழுத்தான். என்னிடம் அவனை ஒப்படைப்பதற்கான உறுதிமொழியை அவனே கொடுத்தது இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

பதிவு 4
முதல் பதிவர் அழைப்பைத் தீர்வாகச் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. எனக்குக் காது கேட்காது. எங்கள் காப்பகத்தில் அவசரச் செய்தி என்றாலே குரல்பதிவுதான். மகன் விழுந்து நெற்றியில் அடிபட்டதை அண்டை வீட்டார் கேட்டுச் சொன்ன பிறகே அறிந்தேன். எழுத்து, ஒலி, அதிர்வு மூன்றிலும் செய்தி வர வேண்டும். எது தனக்கு உதவும் என்பதைப் பெற்றோரே தேர்ந்துகொள்ளட்டும்.

பதிவு 5
நான் செயலிகளை உருவாக்குபவன். இத்தகைய இழுவைப் பட்டை ஒன்றை நானும் வடிவமைத்திருக்கிறேன் என்பதால் மூன்றாம் பதிவு என்னை வருத்துகிறது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணைய உள்ளடக்கத்தை அமைப்பதற்கான, 2023இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 நெறிமுறை, இழுத்துச் செய்யும் எதையும், இழுத்தே ஆக வேண்டியவை தவிர, இழுக்காமல் ஒரு விரலால் தொட்டும் செய்ய வழி வேண்டும் என்கிறது. நிறம் மட்டுமே ஒரு தகவலைச் சுமக்கக் கூடாது. சாதாரண எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு தேவை. ஆண்ட்ராய்டில் தொடுபரப்பு 48 டிபி (திரையின் அடர்த்தி மாறினாலும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரியும் அலகு) அளவாவது இருக்கட்டும் என்று கூகுள் பரிந்துரைக்கிறது. படப் பொத்தானுக்குப் பெயரிடுவது பெரும்பாலும் ஒற்றை வரி வேலைதான், ஆனால் "வெப்பமானி" என்று படத்தை வருணிக்காமல், "காய்ச்சல், 38.5 டிகிரி, மதியம் 12.40" என்று செய்தியையே சொல்ல வேண்டும். காப்பகங்களும் செயலியை வாங்கும் முன் திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாள்குறிப்பைப் படித்துப் பார்க்கலாம். ஆனால் அன்றாடம் திரைவாசிப்பானையே நம்பியிருக்கும் பெற்றோரிடம் கேட்பதற்கு அது ஈடாகாது.

பதிவு 1, மறுபடியும்
நான்காம் பதிவர் சொல்வது சரி. அழைப்பு என் ஒருத்திக்கான வழி மட்டுமே. ஐந்தாம் பதிவரின் குறிப்பைக் காப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பொத்தான்களுக்குப் பெயர் வரும்வரை மதியம் நானே அழைத்துக் கேட்கிறேன்.