ஜெனரல் சோய் ஹோங் ஹி டேக்வாண்டோவின் தந்தையா, இல்லை பெயர் வைத்தவர் மட்டும்தானா?

பச்சைபெல்ட்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஐடிஎஃப் (சோய் தொடங்கிய சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) பாணியில் டேக்வாண்டோ பழகுகிறேன், இப்போது யுல்-கோக் என்ற பேட்டர்ன் (வரிசைப்படுத்திய அசைவுத் தொகுப்பு) வரைக்கும் வந்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் ஜெனரல் சோய் படம் சுவரில் மாட்டியிருக்கும். பெல்ட் தேர்வில் "டேக்வாண்டோவை உருவாக்கியவர் யார், எந்த நாள்" என்று கேட்டால் "ஜெனரல் சோய் ஹோங் ஹி, 1955 ஏப்ரல் 11" என்று தயங்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மார்க் போச்சு.

அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார், குக்கிவோன் (ஒலிம்பிக் பாணிக்கு பெல்ட் சான்றிதழ் தரும் சியோல் தலைமையகம்) பிளாக் பெல்ட். இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அவர் கராத்தேயை எடுத்துப் பேர் மாற்றினவர், அப்புறம் வட கொரியாவுக்குப் போய்ச் சேர்ந்தவர், அவரைப் போய் தந்தை என்கிறீர்களே" என்றார். மாஸ்டரிடம் கேட்டால் முகமே மாறிவிடுகிறது, "நீ முதலில் கிக்கை ஒழுங்காகப் போடு" என்கிறார். கிக்கும் சரியாக வரவில்லை என்பது வேறு விஷயம். இரண்டு பக்கமும் சாராமல் யாராவது சொல்லுங்களேன்.

கட்டாப்பைத்தியம்

கராத்தேக்காரன் சொல்வதால் ஒருதலையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் முதல் பேட்டர்ன் சோன்-ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் திரும்பி கீழ்த்தடுப்பு, வலது காலை முன்வைத்து ஒரு குத்து, அப்படியே பின்பக்கம் திரும்பி மறுபடி கீழ்த்தடுப்பு, மறுபடி முன்வைத்து ஒரு குத்து. இப்போது ஷோட்டோகான் கராத்தேயில் முதல் கட்டாவான (கட்டா என்றால் கராத்தேயின் பேட்டர்ன்) தைக்யோகு ஷோதானை யாரையாவது செய்யச் சொல்லிப் பாருங்கள், தொடக்கம் அச்சு அசலாக அதுவேதான், தரையில் நடந்து போகும் கோடுதான் பிறகு வேறாகிறது.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. சோய் படிக்கப் போனது ஜப்பானுக்கு, அங்கே கராத்தே கற்று இரண்டாம் டான் (பிளாக் பெல்ட் நிலை) வாங்கினார். 1965-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட டேக்வாண்டோ புத்தகத்திலேயே அவருடைய பேட்டர்ன்களோடு கராத்தே கட்டாக்களும் இருக்கின்றன. சின்ன வயதில் எழுத்துக்கலை ஆசிரியரிடம் பழைய கொரியக் கலையான தேக்கியோன் கற்றேன் என்று அவர் சொல்லிக்கொண்டதுண்டு. அதற்கு அவர் வார்த்தையைத் தவிர வேறு என்ன ஆதாரம் என்று கேட்பவர்கள் கொரியாவிலேயே நிறைய பேர்.

இன்னொன்று, அவர் மட்டும் தனியாக இதைச் செய்யவில்லை. லீ வொன்-குக் என்பவர் தோக்கியோவில் ஷோட்டோகானைத் தொடங்கிய ஃபுனகோஷியிடம் கராத்தே கற்று, 1944-லேயே சியோலில் சுங் தோ க்வான் என்ற பள்ளியைத் திறந்துவிட்டார். அதற்குப் பின்னால் மூ டுக் க்வான், சொங் மூ க்வான், ஜி தோ க்வான் என்று வரிசையாக வந்தன. சோய் தன் ஓ தோ க்வானை ராணுவத்துக்குள் தொடங்கியது 1954-இல்தான், அதுவும் சுங் தோ க்வானில் தேறிய நாம் தே-ஹி என்பவரைக் கூட வைத்துக்கொண்டு. உண்மையில் வேர்வை சிந்திச் சொல்லிக்கொடுத்தவர் நாம் தே-ஹி என்றுதான் நான் சொல்வேன். ஆனால் உங்கள் சுவரில் அவர் படம் இருக்காது, இல்லையா?

ஈப்போக்காரன்

மேலே சொன்ன நண்பர் சொல்வது சரிதான், ஆனால் பாதிக் கதை. க்வான் க்வான் என்று பத்துப் பேர் பத்துப் பெயரில் நடத்திக்கொண்டிருந்ததை ஒரே பெயருக்குள் இழுத்துக்கொண்டு வந்தது யார்? 1954-இல் அதிபர் சிங்மன் ரீ முன்னால் நாம் தே-ஹி ஒரே குத்தில் 13 ஓடுகளை உடைத்துக் காட்டினார், அதிபர் அசந்துபோய் "இது நம் தேக்கியோன் அல்லவா" என்றாராம். அந்த ஒரு வார்த்தையை விடாமல் பிடித்துக்கொண்டு, அந்த ஓசைக்குப் பக்கத்தில் நிற்கும் "டேக்வாண்டோ" என்ற பெயரை மறு வருடமே ஒரு கூட்டம் போட்டு ஏற்க வைத்தார் சோய். கலை இல்லை, அரசியல் என்பீர்கள். சரி, அரசியலே. ஜப்பான் ஆட்சி போய்ப் பத்து வருடம்கூட ஆகாத நாட்டில் "கராத்தே" என்ற பெயரோடு அது எத்தனை நாள் ஓடியிருக்கும்?

எங்கள் மலேசியாவுக்கு இது வந்ததே அவரால்தான். 1962-இல் அவரை ராணுவத்திலிருந்து கழற்றி மலாயாவுக்குத் தூதராக அனுப்பினார்கள். பார்க் சுங்-ஹீ முந்தின வருடம்தான் ஆட்சியைப் பிடித்திருந்தார், மரியாதையாக ஊரைவிட்டு அனுப்பி வைத்தார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மனிதர் தூதரகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பேட்டர்ன்களில் பலவற்றை உட்கார்ந்து சீர்செய்தது அந்த வருடங்களில். 1966-இல் சியோலில் ஐடிஎஃப் தொடங்கியபோது ஒன்பது நாடுகள் சேர்ந்தன, அதில் மலேசியாவும் சிங்கப்பூரும் உண்டு. நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இங்கே அதைப் பழகித்தான் வளர்ந்தோம். அதனால் அவர் பெயரை யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அதை மறைக்கவில்லை.

பச்சைபெல்ட்

இரண்டு பேருக்கும் நன்றி. கராத்தே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அலுவலக அண்ணன் அதிகம் கோபப்பட்டது வட கொரியா விஷயத்தில்தான். தென் கொரிய ராணுவ ஜெனரல் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்?

பழையபேப்பர்

தம்பி, இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்று, அவர் பிறந்ததே இன்று வட கொரியாவில் இருக்கும் ஹாம்கியோங் மாகாணத்தில், 1918-இல், அப்போது நாடே இரண்டாகவில்லை. பார்க் சுங்-ஹீயோடு ஒத்துப்போகவில்லை, கொரிய டேக்வாண்டோ சங்கமும் கையைவிட்டுப் போனது, 1972-இல் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். அவர் போன மறு வருடமே சியோலில் உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு என்று புதிதாக ஒன்று தொடங்கினார்கள். அதன் தலைவர் கிம் உன்-யோங், அதிபரின் பாதுகாப்புப் படையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குள் போய் டேக்வாண்டோவை 2000 சிட்னியில் பதக்க விளையாட்டாக ஆக்கிக் காட்டியதும் அவர்தான், பிற்பாடு நிதி மோசடி வழக்கில் தண்டனை வாங்கியதும் அவர்தான். அதனால் "எங்கள் பக்கம் சுத்தம்" என்று உங்கள் அலுவலக நண்பர் சொன்னால் லேசாக இதை ஞாபகப்படுத்துங்கள். தென் கொரியாவில் எழுதிய டேக்வாண்டோ வரலாறுகளில் சோய் பெயர் கிட்டத்தட்ட காணாமலே போனது இந்தக் காலத்தில்தான்.

சோய் 1980-இல் தன் குழுவைக் கூட்டிக்கொண்டு பியோங்யாங்குக்குப் போய் செய்துகாட்டினார். கலைக்கு அரசியல் எல்லை கிடையாது, பிரிந்த நாட்டை இது சேர்க்கும் என்பது அவர் சொன்ன காரணம். ஒரு அரசு வெளியே தள்ளிய மனிதர் பணத்துக்கும் ஆளுக்கும் இன்னொரு அரசிடம் போனார் என்பது என் கணக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

ஆனால் நான் அவரை மன்னிக்காத இடம் ஒன்று உண்டு. அவருடைய 24 பேட்டர்ன்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொரியப் பெயரும், அசைவுகளின் எண்ணிக்கைக்கு ஒரு காரணமும் உண்டு என்பது உனக்குத் தெரிந்திருக்கும். நீ செய்யும் யுல்-கோக்கில் 38 அசைவு, அந்த அறிஞர் பிறந்த ஊர் 38-ஆம் அட்சரேகையில் இருப்பதால். ஜூங்-குன்னில் 32, ஜப்பானிய அரசியல்வாதி இட்டோவைச் சுட்டுக் கொன்ற ஆன் ஜூங்-குன் தூக்கில் ஏறியபோது கொரியக் கணக்கில் அவருடைய வயது. ஹ்வா-ராங்கில் 29, அது சோயின் சொந்த 29-ஆம் காலாட்படைப் பிரிவு (தன்னையும் நைசாக உள்ளே வைத்துக்கொண்டார்!). அந்த வரிசையில் கோ-டாங் என்று ஒன்று இருந்தது. கோ-டாங் என்பது சோ மான்-சிக்கின் புனைபெயர். ஜப்பானியரை ஆயுதம் இல்லாமல் எதிர்த்தவர், பியோங்யாங்கில் மக்கள் கொண்டாடிய கிறிஸ்தவத் தலைவர், 1946-இல் சோவியத் ராணுவம் அவரைக் காவலில் வைத்தது, அதற்கப்புறம் அவர் வெளியே வரவே இல்லை. 1980-களில் சோய் அந்தப் பேட்டர்னை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஜூச்சே என்று ஒன்றை வைத்தார். ஜூச்சே யாருடைய கொள்கை? வட கொரியாவை ஆண்ட கிம் இல்-சுங்குடையது. சிறையில் காணாமல் போனவர் பெயரை எடுத்துவிட்டு, அவரை வெளியே விடாத ஆட்சியின் கொள்கையைப் பெயராகச் சூட்டினார். தன் பெயரை சியோல் அழித்தது என்று கடைசிவரை குமுறிய மனிதர் இதைச் செய்தார் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கட்டாப்பைத்தியம்

இந்தக் கோ-டாங் கதை எனக்குத் தெரியாது. நான் கராத்தேயைத் திருடினார் என்று சொல்லிக்கொண்டிருந்தது இதற்கு முன்னால் சில்லறைச் சண்டை.

ஈப்போக்காரன்

அதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஐடிஎஃப்பிலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் இறந்த பிறகு சில பிரிவுகள் ஜூச்சே பெயரைத் தூக்கிவிட்டு மறுபடி கோ-டாங் என்றே வைத்துக்கொண்டன. 2002 ஜூனில் பியோங்யாங்கில்தான் இறந்தார், அங்கேயே அரசு மரியாதையோடு புதைத்தார்கள். உடனே ஐடிஎஃப் மூன்றாக உடைந்தது. வட கொரியாவின் சாங் உங் தலைமையில் ஒன்று, மகன் சோய் ஜுங்-ஹ்வா தலைமையில் ஒன்று, கனடாவில் வியட்நாமியரான திரான் திரியூ குவான் தலைமையில் ஒன்று. மூன்றும் ஐடிஎஃப்தான், மூன்றும் "உண்மையான" ஐடிஎஃப்தான்.

பழையபேப்பர்

மகன் கதையும் சாதாரணமில்லை. தென் கொரிய அதிபர் சுன் டூ-ஹ்வானைக் கொல்ல 1980-களின் தொடக்கத்தில் நடந்த சதி ஒன்றில் மாட்டி, பிற்பாடு கனடாவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியவர். டேக்வாண்டோ வகுப்பில் இதெல்லாம் தேர்வுக் கேள்வியாக வராது.

குதிகால்

வரலாறு இருக்கட்டும் சார். முழங்காலை மடக்கி, நிமிர்ந்து, மறுபடி இறங்கி ஒவ்வொரு குத்துக்கும் அலைபோல ஏறி இறங்கச் சொன்னாரே சோய் பிற்காலத்தில், அதற்கு யார் பதில் சொல்வது? பழைய ஆட்களின் முழங்கால் போனதற்கு அதுதான் காரணம் என்று எங்கள் சீனியர் ஒருவர் சத்தியம் செய்வார். ஆனால் ஒன்று, எங்கள் பாணியில் முகத்தில் குத்தலாம். ஒலிம்பிக் பாணியில் கையை முகத்துக்குக் கொண்டுபோனாலே தப்பு, சென்சார் வைத்த கவசத்தைக் காலால் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சோய் நல்லவரோ கெட்டவரோ, அந்த விதியை வைத்திருந்ததற்கு நன்றி.

பச்சைபெல்ட்

நினைத்ததைவிடச் சிக்கலாக இருக்கிறது. கடைசியாக ஒன்று, நான் பிளாக் பெல்ட் வாங்கினால் குக்கிவோன் பக்கம் ஏற்றுக்கொள்வார்களா?

பழையபேப்பர்

நேராகச் செல்லாது. குக்கிவோன் டான் வேண்டுமென்றால் அது தனித் தேர்வு. 2014-இல் இரண்டு தரப்பும் நான்ஜிங்கில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள், 2017-இல் வட கொரியக் குழு தென் கொரியாவின் முஜுவுக்கு வந்து செய்துகாட்டியது, மறு வருடம் தெற்குக் குழு பியோங்யாங் போனது. மேடையில் கைகொடுப்பதோடு சரி, சான்றிதழ் விஷயம் அப்படியேதான். உன் தேர்வுத்தாளில் 1955 ஏப்ரல் 11 என்றே எழுது, பெயர் வைத்த நாள் அதுதான். மாஸ்டர் அதற்கு முழு மார்க் போடுவார்.