இந்த வருட 2கே: எந்த இடத்தில் "இது புதுசுதான்" என்று தோன்றியது?

பச்சை ரிலீஸ்

செப்டம்பரில் புது என்பிஏ 2கே (பாஸ்கெட்பால் வீடியோ கேம்) வந்தாலே அதே சண்டை. போன வருட ஆட்டத்துக்குப் புது அட்டை போட்டு விற்கிறார்களா, இல்லை உள்ளே நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கிறதா? டிரெய்லர், விமர்சகர்கள் போட்ட மார்க் எல்லாம் இருக்கட்டும். கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே பார்த்த ஒரு இடத்தைச் சொல்லுங்கள்.

என்னுடையது 2கே25. நான் பிசி ஆள். 2கே21 முதல் 2கே24 வரை பிசிக்கு வந்தது பழைய கன்சோலுக்கான பதிப்புதான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பிளேஸ்டேஷன் 5 வைத்திருந்தவர்கள் போடும் வீடியோவைப் பார்த்துப் பார்த்தே அத்தனை வருடமும் ஓடிவிட்டது. 2கே25இல்தான் அவர்கள் ஆடியது எங்களுக்கும் வந்தது.

வாரியர்ஸ் அணி, மூன்றாவது குவார்ட்டர். கர்ரியிடமிருந்து பந்தை டிரேமண்ட் கிரீனுக்குத் தள்ளிவிட்டேன். இப்போது நான் கிரீன். கர்ரியைக் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. அவர் நிற்கவில்லை. லூனி போட்ட ஸ்கிரீனை (தடுப்பாளரின் வழியை மறித்து நிற்பது) உரசிக்கொண்டு வலது மூலைக்கு ஓடினார். துரத்தியவர் அரை அடி பின்தங்கினார். பாஸ் கொடுத்தேன். பந்து வந்து சேருவதற்கு முன்பே கர்ரியின் இடது கால் தரையில் பதிந்துவிட்டது, முழங்கால் மடங்கிவிட்டது. பந்து கையில் பட்ட பிறகுதான் வலது கால் வந்தது, இடுப்பு கூடைப் பக்கம் திரும்பியது. பழைய பிசி பதிப்பில் இதே இடத்தில் எண்ணெய் கொட்டின தரையில் போவது மாதிரி கடைசி இரண்டடியைச் சறுக்கித்தான் கடப்பார்கள்.

பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. நான் ரீப்ளேவை நிறுத்தி, கேமராவைத் தரையோடு இறக்கி, அந்த ஷூவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜ என்பிஏ மேட்ச் வீடியோவிலிருந்தே அசைவை எடுக்கும் புரோபிளே முறை 2கே24இல் கன்சோலுக்கு வந்தபோது, அதை வெறும் விளம்பரப் பேச்சு என்று நினைத்தவர்கள் நிறைய பேர். அந்த இடது காலைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

உங்களுக்கு எது?

ஸ்கார்பரோ ஊதா

காலைப் பார்த்து ஆட்டத்தை எடை போடுவது எனக்கு விளங்கவில்லை. ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். மாதக்கணக்கில் உட்கார்ந்து ஆட என்ன இருக்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

அதே 2கே25. எராஸ் என்ற பகுதியில் (பழைய காலத்து லீகில் ஓர் அணியை வருடக்கணக்கில் நடத்தலாம்) கோபி காலம், 2002 சீசன். அதில் எங்கள் டொராண்டோ ராப்டர்ஸில் வின்ஸ் கார்ட்டர் இருக்கிறார். டொராண்டோவில் வளர்ந்த எங்கள் வயதுத் தமிழ்ப் பெடியளுக்கு அவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பரில் அவரை நெட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றோடு என் அண்ணா பாஸ்கெட்பால் பார்ப்பதை விட்டார். 2019இல் ராப்டர்ஸ் சாம்பியன் ஆனபோது தெருவெல்லாம் சனம். அவர் வீட்டை விட்டு இறங்கவில்லை.

அந்த டிசம்பர் ஆட்டத்திலும் வந்தது. கார்ட்டரைக் கேட்டு மற்ற அணிகள் பேசின. எல்லாவற்றையும் மறுத்தேன். அண்ணா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "கொடுக்காதே" என்று மட்டும் சொன்னார். அடுத்த மேட்ச்சில் கன்ட்ரோலரை வாங்கி, கார்ட்டரை வைத்து பேஸ்லைன் பக்கமாக வந்து ஒரு டங்க் போட்டார். திரும்ப என்னிடம் தரவில்லை. அந்த சீசன் முழுக்க அவரே ஆடி முடித்தார். 2024 நவம்பர் 2ஆம் தேதி கார்ட்டரின் 15ஆம் எண் ஜெர்சியை அரங்கக் கூரையில் ஏற்றியபோது தொலைக்காட்சியில் முழுவதும் பார்த்தோம், அண்ணாவும் சேர்ந்து.

ஷாட் அனிமேஷன் ஒன்றுகூட மாறாமல் இருந்திருந்தாலும் எனக்கு அந்த வருடப் பதிப்பு போதும். எராஸ் 2கே23இல் வந்தது, 2கே24இல் லெப்ரான் காலத்தைச் சேர்த்தார்கள், 2கே25இல் கர்ரி காலத்தை. ஒரு பகுதியை விடாமல் வளர்த்துக்கொண்டு வருவதைத்தான் புது வேலை என்று நான் கணக்கில் எடுப்பேன்.

ஆறாவது ஆள்

எராஸ் நல்ல பகுதிதான், ஆனால் அது முழு வரலாறு மாதிரி பேசாதீர்கள். ஜோர்டன் காலம் 1991இல் தொடங்குகிறது. 2கே25இல் அதை ஆரம்பித்து பிலடெல்பியாவைத் திறந்து பாருங்கள், அந்த அணியின் நட்சத்திரம் சார்லஸ் பார்க்லி இல்லை. ஓய்வுபெற்ற வீரர்களின் சங்கத்துக்குப் பணம் கொடுத்தால் பெயரைத் தருகிறேன் என்று அவரே வெளிப்படையாகச் சொன்ன விஷயம் இது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பார்க்லி இல்லாத 1991 எனக்கு 1991 இல்லை.

நீங்கள் இருவருமே தனியாக ஆடுகிறவர்கள். இந்த ஆட்டத்தை வாங்குகிறவர்களில் நிறையப் பேர் போய் நிற்பது பார்க்கில், இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடும் இடத்தில். அங்கே போய்ப் பார்க்காமல் ஒரு பதிப்பை எப்படி மதிப்பிடுவது?

மைகேரியரில் (ஒரே ஒரு வீரரை உருவாக்கி வளர்க்கும் பகுதி) புது ஆளை உருவாக்கினால் 60 ரேட்டிங்கில் தொடங்குகிறான். விசி (ஆட்டத்துக்குள் செலவாகும் காசு, நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம்) சேர்த்துச் சேர்த்து 85 தாண்டும் வரை பார்க்கில் அவனை யாரும் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். நான் இடது மூலையில், பக்கத்தில் ஒரு தடுப்பாளர்கூட இல்லாமல், பாஸ் கேட்கும் பட்டனை அழுத்திக்கொண்டே நின்றேன். பந்து வைத்திருந்தவர் மூன்று பேரைத் தாண்டப் பார்த்து இழந்தார். அடுத்த முறையும் அதே. அப்புறம் ஒரு முறை, எங்கள் அணியில் 90க்கு மேல் வைத்திருந்த ஒருவர், ஒரு வார்த்தை பேசாதவர், உள்ளே நுழைந்து, தன்மேல் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே என் மூலைக்குப் பந்தைத் தள்ளினார். பச்சை, அதாவது சரியான நொடியில் விட்ட ஷாட். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு முறையும் மூலையைத் தேடினார். மேட்ச் முடிந்ததும் போய்விட்டார், யாரென்று தெரியாது. அந்த ஒரு பாஸ் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் என் அளவுகோல் இதுதான்: புதிதாக வருகிறவனுக்கு முதல் மாதத்தில் காசு செலவழிக்காமல் ஆட இடம் இருக்கிறதா? 2கே24க்கு ஸ்டீமில் (பிசி ஆட்டங்களை விற்கும் இணையக் கடை) அத்தனை மோசமான மதிப்பீடு விழுந்ததற்கு, பிசிக்குப் பழைய பதிப்பு வந்த கோபத்தோடு இந்தக் காசு விஷயமும் காரணம். இன்னொன்று, 2கே23இன் சர்வரை 2024 டிசம்பர் 31இல் நிறுத்தினார்கள். இரண்டு வருடம், சில மாதம். அதோடு பார்க்கும் போயிற்று, அங்கே வளர்த்த ஆளும் போனான். வாங்கும் முன் இதையும் கணக்கில் வையுங்கள்.

பாயிண்ட் கார்டு

ஆறாவது ஆள் அண்ணா சொன்ன மூலை பாஸ் கதையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. கல்லூரி அணியில் நான் பாயிண்ட் கார்டு. யார் என்ன செய்தாலும் என் கண் போவது பந்து இல்லாத மற்ற நான்கு பேர் மேல்தான்.

பெண்கள் அணிகள் 2கே20இல்தான் முதலில் வந்தன. பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏவின் 12 அணியும் இருந்தன. ஆனால் அப்போது ஒரு மேட்ச் ஆடலாம், ஒரு சீசன் ஆடலாம், அவ்வளவுதான். இப்போது 2கே26இல் மைடீமில்கூட (வீரர்களின் கார்டு சேர்த்து அணி அமைக்கும் பகுதி) டபிள்யூஎன்பிஏ வீராங்கனைகளின் கார்டு இருக்கிறது.

இண்டியானா ஃபீவர். கெய்ட்லின் கிளார்க்கை வைத்து மேலே பிக் அண்ட் ரோல் (ஸ்கிரீன் போட்டவரே பிறகு கூடைப் பக்கம் ஓடுவது), ஸ்கிரீன் போட்டது அலியா பாஸ்டன். கிளார்க் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்தே ஷூட் செய்வார் என்பதால் இரண்டு தடுப்பாளர்களும் மேலே ஏறி வந்தார்கள். பாஸ்டன் உள்ளே ஓடினார். இங்கே ஒரு நொடி என் விரல் நின்றுவிட்டது. காரணம், எதிர்ப்பக்க மூலையில் நின்ற தடுப்பாளர் தன் ஆளை விட்டுவிட்டு ஒரே ஒரு எட்டு உள்ளே வந்து, பாஸ்டனைத் தோளால் இடித்துத் தாமதப்படுத்திவிட்டு, மறுபடி மூலைக்கு ஓடத் தொடங்கினார். எங்கள் கோச் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தி எங்களுக்குச் சொல்லித் தருவது அதே ஓர் எட்டுதான்! உள்ளேயும் இருக்கணும், வெளியேயும் திரும்பணும். ஆட்டத்தில் கம்ப்யூட்டர் அதைச் செய்து நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். நான் மூலைக்கு வீசினேன், அவர் பாதி வழியில் இருக்கும்போதே ஷாட் போய்விட்டது.

பச்சை ரிலீஸ் சொன்ன கால் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் ஹெல்ப் (தன் ஆளை விட்டு மற்றவருக்கு உதவ வரும் தடுப்பு) சரியாக வரவில்லை என்றால் கால் எவ்வளவு அழகாகப் பதிந்தாலும் அது பாஸ்கெட்பால் இல்லை. ஐந்து பேரும் யோசிக்கிறார்களா? அதைத்தான் நான் பார்க்கிறேன்.

பழைய டிஸ்க்

நீங்கள் எல்லோரும் ஒரே தொடரின் இந்த வருடத்தை அதன் போன வருடத்தோடு ஒப்பிடுகிறீர்கள். போட்டிக்கு இன்னொரு ஆட்டம் இருந்த காலத்தைப் பார்த்தவன் நான். 2010 செப்டம்பரில் என்பிஏ எலீட் 11 டெமோ வந்தது. லேக்கர்ஸ் ஆடிக்கொண்டிருக்கும்போது ஆண்ட்ரூ பைனம் மைதானத்தின் நடுவில் இரண்டு கையையும் விரித்தபடி அப்படியே நின்றார். பந்து போகிறது, வருகிறது, மற்றவர்கள் சுற்றி ஓடுகிறார்கள், அவர் அசையவில்லை. அந்த ஆட்டத்தைத் தள்ளிவைத்து, பிறகு ரத்தே செய்துவிட்டார்கள். அக்டோபர் 5இல் 2கே11 வந்தது. போட்டவுடன் மெனு இல்லை. 1991 இறுதிப் போட்டிக்கு ஜோர்டன் அரங்கச் சுரங்கப்பாதையில் நிற்கிறார், நேராக மைதானம். உடம்பு சிலிர்த்தது.

சரி, மதிப்பிடுவது பற்றி. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே யாரும் இதைச் செய்வதாகத் தெரியவில்லை. குவார்ட்டரை 12 நிமிடம் ஆக்குங்கள். ஐந்து நிமிட மேட்ச்சில் எந்த எண்ணும் உண்மை பேசாது. பிறகு கம்ப்யூட்டரையும் கம்ப்யூட்டரையும் மோதவிட்டு, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். 2024-25 சீசனில் ஓர் அணி மேட்ச்சுக்குச் சராசரியாக 37க்கு மேல் மூன்று புள்ளி முயற்சி எடுத்தது, ஃப்ரீ த்ரோ ஏறக்குறைய 22. ஆட்டத்தில் மூன்று புள்ளி கிட்டத்தட்ட சரியாக வரும், ஃப்ரீ த்ரோ பாதிகூட வராது. உடனே ஸ்லைடரில் (ஆட்டத்தின் அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஃபவுல் அளவை ஏற்றுங்கள். ஏற்றியதும் எல்லாம் ரீச் ஃபவுலாகவே (பந்தைப் பறிக்கக் கை நீட்டித் தட்டுவது) வந்தால் அந்த வருட டிஃபென்ஸ் வேலை அரைகுறை என்று எடுத்துக்கொள்ளலாம். உள்ளே ஏறும்போது ஷூட்டிங் ஃபவுலாக வந்தால் நல்ல பதிப்பு. அப்புறம் ஷாட் மீட்டரை (பந்தை விட வேண்டிய நேரத்தைக் காட்டும் பட்டை) அணைத்துவிடுங்கள். மீட்டரைப் பார்ப்பவன் வீரரின் கையைப் பார்ப்பதே இல்லை. கை மேலே போகும் இடத்தைப் பார்த்து விட முடிகிறதா? முடிகிறது என்றால் அனிமேஷன் உங்களோடு பேசுகிறது. முதல் வாரத்தில் எந்த முடிவுக்கும் வராதீர்கள். இரண்டு மூன்று பேட்ச் வந்ததும் ஷூட்டிங் வேறு மாதிரி ஆகிவிடும், முதல் நாள் எழுதிய விமர்சனத்துக்கும் நவம்பர் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இருக்காது. நிஜ சீசன் தொடங்கி ரோஸ்டர் சரியாகும் வரை பொறுங்கள். விலையும் அதற்குள் இறங்கிவிடும். கடைசியாக, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு நாள் ஆடுங்கள். அப்போது என்னென்ன திறக்கிறதோ அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆட்டம், மிச்சமெல்லாம் வாடகை.

பச்சை ரிலீஸ்

பழைய டிஸ்க், நான் கேட்டது ஓர் இடம். பைனம் கதைக்கு நன்றி, அதை இன்னும் நாலு வரி சொல்லியிருக்கலாம். ஸ்லைடரை வைத்து ஒரு பதிப்பை அளப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாற்றித்தான் ஆட வேண்டும் என்றால் அது கடையில் கிடைக்கிற ஆட்டத்தைப் பற்றிய மதிப்பீடே இல்லை. மீட்டரை அணைப்பதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

பாயிண்ட் கார்டு, அந்தத் தோள் இடி எந்த டிஃபிகல்ட்டியில் வந்தது?

பாயிண்ட் கார்டு

சூப்பர்ஸ்டாரில். அதற்குக் கீழே அவர் மூலையை விட்டு வரவே மாட்டார், பார்த்தேன். பழைய டிஸ்க் ஐயா சொன்ன மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் மேட்ச் பார்ப்பதை நான் செய்வேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் படுகிறது. நம் அணியின் வீடியோவை உட்கார்ந்து பார்ப்பது மாதிரியே.

மிட் ரேஞ்ச்

2கே26. அட்டையில் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர். 2024-25 சீசனில் எம்விபி (சிறந்த வீரர் விருது), சாம்பியன், இறுதிப் போட்டியின் எம்விபி என்று எல்லாவற்றையும் எடுத்தவர். நான் அவரைத் தடுக்கும் பக்கம்.

அவர் வேகமாக வரவில்லை, அதுதான் பிரச்சினை. நடக்கிற வேகத்தில் வலது பக்கம் வந்தார். தோளை முன்னே சாய்த்தார். நான் பின்னால் போனேன். அவர் வரவில்லை, ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் நின்றுவிட்டார். நான் மறுபடி முன்னே பாய்வதற்குள் பந்து காற்றில். அடுத்த முறை பின்னால் போகாமல் நின்றேன், பக்கத்தில் உரசிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போன வருடம் இதே ஆளை டர்போ பட்டனை (வேகமாக ஓட வைப்பது) அழுத்திப் பிடித்துக்கொண்டே தடுத்துவிட முடிந்தது, இந்த வருடம் அந்தப் பட்டனைத் தொட்டாலே அவர் என்னைக் கடந்துவிடுகிறார்.

டர்போவை விட்டுவிட்டு இடது ஸ்டிக்கை மட்டும் வைத்து, கையை உயர்த்தியபடி ஆடிப் பார்க்கிறேன். ஓரளவு நிற்கிறது. அவரை நிறுத்துகிற வேறு வழி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், இரண்டு பேரை அனுப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். அனுப்பினேன், மூலையில் இருந்தவன் போட்டுவிட்டான்.