தம்பியின் விரல்களுக்கு நரம்பு மாற்று அறுவை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி. திசையன்விளைப் பக்கம் பதநீர் இறக்கப் பனையேறிய என் தம்பி விழுந்து, கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு ஏழு மாதம் ஆகிறது. முழங்கை மடங்குகிறது, மணிக்கட்டைத் தூக்குகிறான், விரல்கள்தான் அசையவில்லை. காப்பி டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக் குடிக்கிறான், பாதி சட்டையில்தான்.

முதலில் பார்த்த டாக்டர் இனி அவ்வளவுதான் என்று கைவிரித்துவிட்டார். அப்புறம்தான் நரம்பு மாற்று அறுவை பற்றிப் படித்தேன். உள்ளங்கையை மேல்பக்கம் திருப்பும் ஒரு தசைக்குப் போகும் நரம்பை எடுத்து விரலை விரிக்கும் நரம்போடு தைக்கிறார்களாம். அந்தத் திருப்புகிற வேலையை பைசெப்ஸும் (மேல்கையின் முன்பக்கத் தசை) பார்த்துக்கொள்ளும் என்பதால் பெரிய நட்டமில்லை. ஆஸ்திரேலியாவில் 16 பேருக்கு இப்படி 59 நரம்பு மாற்றங்கள் செய்த விவரம் 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், சரி, காத்திருக்கலாம். ஆனால் சில நரம்புகளுக்கு ஒரு வருடம் தாண்டினால் தசை பிடிகொடுக்காது என்பதுதான் பயம்.

ஆய்க்குடி அமர் சேவா சங்க மறுவாழ்வு மையத்தில் பயிற்சி எடுத்தவர்கள், வேலூர், கோவை போய்வந்தவர்கள் யாராவது இதைச் செய்துகொண்டீர்களா? எந்தப் பிரிவில் பார்க்கணும், செலவு எவ்வளவு, முதல்வர் காப்பீட்டில் வருமா? உள்பெட்டியில் சொன்னாலும் போதும்.