புதுத் தடுப்பூசியை நம்ம நீலகிரி மலையில் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

பந்தலூர் நர்ஸ்:

புனேயில் தயாராகும் ஆர்21 மலேரியா தடுப்பூசி ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறது. ஜெனீவாவில் தலைமையகம் உள்ள உலக சுகாதார நிறுவனம் 2023 அக்டோபரில் பரிந்துரை செய்து, டிசம்பரில் தரச் சான்றும் கொடுத்துவிட்டது. ஒரு பயிற்சி வகுப்பில் இந்தப் பேச்சு வந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த டாக்டர் தம்பி ஒருவர், "ஜெனீவாவிலேயே ஓகே சொன்ன பிறகு ஜனங்கள் ஏன் தயங்கப் போகிறார்கள்?" என்றார். பின்வரிசையில் இருந்த நர்சுகளுக்கெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது. 2021-இல் அவர் கல்லூரியில் இருந்திருப்பார். நாங்கள் எஸ்டேட் பாடிகளில், அதாவது தொழிலாளர் குடியிருப்புகளில், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தோம்.

என் கதையை முதலில் எழுதுகிறேன்.

அந்த வருடம் ஜனவரி 16-இல் கொரோனா தடுப்பூசி ஆரம்பித்தபோது முதல் வரிசையில் நின்றது சுகாதாரத் துறை ஆட்கள்தான். எங்களுக்குள்ளேயே பயம் இருந்தது. கோவாக்சினுக்கு ஜனவரி 3-இல் அனுமதி கொடுத்தபோது மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வரவில்லை. 'மருத்துவச் சோதனை முறையில்' என்று ஒரு வால் சேர்த்து அனுமதித்தார்கள். போட்டுக்கொள்கிறவர் அதற்கென்று ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கோவிஷீல்டுக்கு அது கிடையாது. "அப்போ இதுக்கு மட்டும் ஏன்?" என்று நர்சுகளே கேட்டார்கள். 77.8 சதவீதம் பலன் என்ற கணக்கெல்லாம் பிறகுதான் வந்தது. அந்த ஊசி மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அவசரம் அதற்கே கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தது.

ஏப்ரலில் 45 வயதுக்கு மேல் எல்லோருக்கும் என்றானதும் பாடிகளில் ஓரளவு வர ஆரம்பித்தார்கள். 15-ஆம் தேதி நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்று டிவியில் சொன்னார். 17-ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். அவ்வளவுதான். அந்த இறப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று மத்தியக் குழு முடிவு சொன்ன செய்தி வந்தது அக்டோபரில். அதுவரை கேட்டவர்களுக்கு நான் எந்தத் தாளைக் காட்டுவது?

அதற்கு அடுத்து ஒரு பாடிக்குப் போனேன். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கு மருந்து. திறந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். மூன்றே பேர் வந்து நிற்கிறார்கள். திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று பேருக்கும் சந்தேகம்: "என்ன, ஆள் சேர்க்கிறீங்களா?" திறந்தால் மேலே விளக்கம் எழுத வேண்டும்.

வராதவர்களிடம் போய்ப் பேசினேன். செத்துவிடுவோம் என்று பயந்தவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொழுந்து பறிக்கிற பெண்கள் பலர் சொன்னது வேறு. ராத்திரி காய்ச்சல் வந்தால் காலையில் மலைக்கு ஏற முடியாது. அன்றைக்குப் பேர் விழாது. சம்பளம் போச்சு. அதை யார் தருவார்கள்? இந்தக் கேள்விக்கு எங்களிடம் கொடுத்திருந்த கையேட்டில் பதிலே இல்லை. சனிக்கிழமை மதியம் கொழுந்து எடை போட்ட பிறகு ஊசி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று மேஸ்திரியிடம் பேசி மாற்றினோம். கூட்டம் தானாக வந்தது.

பணியர் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றில் எங்கள் ஜீப் சத்தம் கேட்டதுமே வீடுகள் காலி. காட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அடுத்த முறை ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு, அவர்களிலேயே ஒரு பெண், ஆஸ்பத்திரியில் நர்சாக இருப்பவர், அவரோடு நடந்து போனோம். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990-இலிருந்து பழங்குடிப் பெண்களையே நர்சுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கி வைத்திருப்பதன் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியவர் ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நாளைக்கு நீ வருவியா?" வருவேன் என்றேன். "இன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வரும், கை வலிக்கும், இந்த மாத்திரையைப் போடுங்கள், காலையில் வந்து பார்க்கிறேன்" என்றும் சொன்னேன். காய்ச்சல் வந்தது. காலையில் போனேன். அந்தக் குடியிருப்பில் அதற்குப் பிறகு நான் பிரசாரம் எதுவும் செய்யவில்லை.

அந்த வருடம் நடுவிலேயே தகுதியுள்ள பழங்குடி மக்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் முதல் டோஸ் போட்ட மாவட்டம் என்று நீலகிரிக்குப் பேர் வந்ததே, அதற்குப் பின்னால் இப்படி மறுநாள் காலையில் ஏறி இறங்கிய ஆட்கள் நிறையப் பேர். ஜெனீவா சான்றைப் பற்றி என்னிடம் ஒரு ஆள்கூடக் கேட்டதில்லை.

குன்னூர் பழைய ஆள்:

அம்மா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து.

தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன் நான். 1907-இல் தொடங்கியது. நாய் கடித்தால் தென்னிந்தியா முழுக்கக் குன்னூர் என்ற பேர்தான் ஞாபகம் வரும். அந்தக் காலத்து மருந்து ஆட்டு மூளையில் தயாரித்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று சொல்வார்களே, அதுதான். வலி ஒரு பக்கம். அபூர்வமாகச் சிலருக்கு அந்த மருந்தாலேயே கை கால் விழுந்துவிடும் என்பது டாக்டர்களுக்கும் தெரியும், ஊர்க்காரர்களுக்கும் அரசல் புரசலாகத் தெரியும். ஆனாலும் ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்ததில்லை. வெறிநாய் கடித்தவனின் சாவை ஒரு தடவை பார்த்தவன் 14 என்ன, 40 ஊசி என்றாலும் வயிற்றைக் காட்டுவான். நோயைக் கண்ணால் பார்த்த தலைமுறைக்கு ஊசி மேல் சந்தேகம் வராது. ஆப்பிரிக்காவில் மலேரியாவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு உங்கள் டாக்டர் தம்பி நினைப்பது போல ஜெனீவாவும் வேண்டாம், நீங்கள் சொல்வது போல மறுநாள் விசாரிப்பும் வேண்டாம். மருந்து ஊருக்கு வந்து சேர்ந்தால் போதும்.

ஆட்டு மூளை மருந்து 2004-ஓடு நாட்டிலேயே நின்றுபோனது. இப்போது செல் வளர்ப்பில் செய்கிற மருந்து, கையில்தான் போடுகிறார்கள். 2008-இல் நல்ல உற்பத்தி நடைமுறை இல்லை என்று குன்னூர், கசௌலி, கிண்டி மூன்று அரசு நிறுவனங்களின் உரிமத்தையும் நிறுத்தி வைத்தார்கள். 2010-இல் திரும்பக் கொடுத்தார்கள். அப்போது ஊரில் எல்லோருக்கும் கோபம், எனக்கும்தான். அரசு மருந்தை நிறுத்திவிட்டுத் தனியார்காரனுக்கு வழி விடுகிறார்கள் என்று டீக்கடையில் பேசாதவன் இல்லை. அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் முழுக்கப் போகவில்லை. ஆனால் சொந்த ஆலையையே மூடச் சொல்கிற அதிகாரி ஒருவர் எங்கேயோ இருக்கிறார் என்பதில் ஒரு தைரியமும் இருக்கத்தான் செய்தது.

கூடலூர் ரஷீத்:

எங்கள் வீட்டில் ஊசியைப் பற்றிச் சந்தேகமே இல்லை. கிடைத்த முதல் நாளே அண்ணன் போட்டுக்கொண்டார். கிடைத்தது கோவாக்சின். வேலை ரியாத்தில்.

அப்புறம்தான் தெரிந்தது, சவுதி ஏற்றுக்கொண்ட பட்டியலில் அது அப்போது இல்லை. கோவிஷீல்டு போட்டவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கும் இரண்டாவது டோஸ் இடைவெளியை மே மாதம் 12 முதல் 16 வாரம் என்று நீட்டியதில் விசா காலம் போய்விடுமோ என்று ஒரே பதற்றம். வெளிநாடு போகிறவர்களுக்கு 28 நாளில் போடலாம் என்று ஜூனில் தளர்த்தினார்கள். சான்றிதழில் பாஸ்போர்ட் எண் சேர்க்க அலைந்தது தனிக்கதை. கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது நவம்பர் 3-இல். அதுவரை அண்ணன் தேவாலா பக்கம் மரம் ஏற்றும் லாரியில் கிளீனராகப் போனார்.

நர்ஸ் அக்காவிடம் யாரும் ஜெனீவா சான்றைக் கேட்டிருக்க மாட்டார்கள், சரி. எங்கள் வீட்டில் உம்மா தினமும் காலையில் கேட்ட கேள்வியே அதுதான்: "டபிள்யூ.எச்.ஓ. இன்னிக்காவது சொன்னாங்களா?"

கோத்தகிரி டீச்சர்:

நான் வேலை பார்ப்பது பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும். வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு ஆள் குரல் பதிவு போட்டார், பிள்ளை பெற முடியாமல் போகும் என்று. ஊசி தேதியன்று டவுன் பள்ளிகளில் பாதி வகுப்பு காலி. தமிழ்நாட்டில் முகாமையே நீட்டிக்க வேண்டி வந்தது. எங்கள் பள்ளியில் மட்டும் வருகை முழுசு. காரணம் நம்பிக்கை இல்லை. அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

என்னை உறுத்தியது அதுதான். 2009-இல் ஆந்திராவில் கம்மம் பக்கமும் குஜராத்தில் வதோதரா பக்கமும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. ஊசியைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். நிறையப் பேர் பழங்குடிச் சிறுமிகள். சிலர் இறந்துபோனார்கள். 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள். அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றுதான் விசாரணை சொன்னது. ஆனால் ஒன்று வெளியே வந்தது: பல படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன் கையெழுத்து. 2013-இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்ல ஊசிதான், உலகம் முழுக்கப் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்தால் நம் நாட்டில் அதன் பேரைச் சொல்லவே பல வருடம் தயங்கினார்கள்.

அதற்கப்புறம் எங்கள் பள்ளியில் எந்த ஊசி என்றாலும் சந்தை நாளில் பெற்றோர் கோத்தகிரிக்கு வரும்போது படிவத்தைக் கொடுத்து, படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்கிறோம். வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளையை விட்டுவிடுகிறோம். மேலே இருந்து சத்தம் வரும், "டீச்சர், உங்க பள்ளி மட்டும் ஏன் நூறு சதவீதம் இல்லை?" வரட்டும்.

ஊட்டி ஐஸ்பெட்டி:

தடுப்பூசிக் கிடங்கில் வேலை. ஊருக்குள் எல்லோரும் கேட்கும் கேள்வி: "ஊட்டிக் குளிருக்கு மருந்துக்கு ஃப்ரிட்ஜ் எதுக்கு?" எங்களுக்குப் பயமே குளிர்தான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது மருந்து உறைந்துவிட்டால், குழந்தைகளுக்கு ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் மாதிரி ஊசிகள் வீண். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதற்குக் கீழேயும் போகக் கூடாது. ஐஸ்பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பெட்டியில் வைத்துவிட மாட்டோம். வெளியே வைத்து, காதருகே ஆட்டிப் பார்ப்போம். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள் போகும்.

ஒரு தடவை ஒரு தாய் வந்து, கெட்டுப்போன மருந்து என்று சண்டை. நான் போலியோ சொட்டு மருந்துக் குப்பியைக் கையில் கொடுத்து லேபிளைக் காட்டினேன். ஊதா வட்டம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். இப்போது அந்தம்மா ஒவ்வொரு புதன்கிழமையும் மற்றத் தாய்மார்களுக்குச் சதுரம் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார். சில நாள் எங்களுக்கே வேலை வைத்துவிடுகிறார், போங்கள்.

குந்தா வாசகர்:

எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு கேள்வி. 2024-இல் அஸ்ட்ராசெனகா கம்பெனியே லண்டன் நீதிமன்றத்தில் ரத்தம் உறையும் பிரச்சினை அபூர்வமாக வரலாம் என்று ஒத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. கோவிஷீல்டும் அதே மருந்து. என் அப்பா இரண்டு டோஸும் போட்டவர். அப்போது எங்களிடம் ஏன் யாரும் சொல்லவில்லை?

பந்தலூர் நர்ஸ்:

தம்பி, நியாயமான கேள்வி. அந்த விஷயம் 2024-இல் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஐரோப்பாவில் 2021 ஏப்ரலிலேயே மருந்துத் தாளில் சேர்த்துவிட்டார்கள். நம் மத்திய சுகாதாரத் துறையும் மே 17-இல் அறிவிப்பு விட்டது. இங்கே பதிவான கணக்குப்படி 10 லட்சம் டோஸுக்கு 0.61 பேருக்கு அந்தப் பிரச்சினை. ஊசி போட்ட 20 நாளுக்குள் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கால் வீக்கம், விடாத தலைவலி இருந்தால் உடனே வாருங்கள் என்று மக்களிடம் சொல்லச் சொன்னார்கள். உங்கள் அப்பா போட்டுக்கொண்டு வருடங்கள் ஆகிவிட்டன, இனி அதை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், எங்கள் கூட்டத்தில் ஒரு அதிகாரி, "இதையெல்லாம் சொன்னா ஒருத்தனும் வர மாட்டான், வேண்டாம்" என்றார். நாங்கள் சிலர் சொன்னோம், சிலர் சொல்லவில்லை. நான் சொன்ன பாடிகளில் வருகை குறையவில்லை. விஷயத்தை மறைத்துப் போடுகிற ஊசிதான் பிறகு இப்படி உங்கள் வீட்டில் வந்து நிற்கிறது.

குந்தா வாசகர்:

பதிலுக்கு நன்றி அக்கா. முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. அந்த மே மாத அறிவிப்பு உங்களிடம் இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள், அப்பாவிடம் காட்டுகிறேன்.

பந்தலூர் நர்ஸ்:

சப்-சென்டர் பீரோவில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை எடுத்துப் போடுகிறேன். அப்பாவுக்குச் சுகர், பிரஷர் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதையும் எழுதுங்கள்.